டீயா, சேடலா

12 அக்டோபர் 1926, கிள்ளான்

இன்றைக்கும் சாப்பாட்டு வேளையில் குழாய்ப் பேச்சுதான். ரப்பர் பேக்டரிக்கு மூன்றாவது எஞ்சின் வருகிறதாம். கரியை எரித்து எடுக்கிற கேஸ் ஒரு பெரிய இரும்புக் குழாய் வழியாக எஞ்சின்களுக்குப் போகிறது. அதில் புதிதாக ஒரு கிளை எடுக்க வேண்டும். எப்படி எடுப்பது என்பதில்தான் என் புருஷனுக்கும் என் தம்பி நாகையாவுக்கும் சண்டை. இவர் அங்கே குழாய், எஞ்சின் எல்லாம் பூட்டுகிற பிட்டர். அவன் எஞ்சின் ஓட்டுகிறவன். இரண்டு பேருக்கும் பொங்கிப் போடுகிறவள் நான்.

இவருக்கு டீ வேண்டுமாம். குடிக்கிற டீ இல்லை, மூன்று வாய் வைத்து வார்த்த இரும்பு. குழாயை அறுத்து நடுவில் அதைச் சேர்க்க வேண்டும். பேக்டரி மூன்று நாள் நிற்கும். சேடலே போதும் என்கிறான் நாகையா. பேக்டரித் துரையும் அப்படித்தானாம். குழாயின் முதுகில் துளை போட்டு, குதிரைச் சேணம் மாதிரி ஒன்றை மேலே உட்கார்த்தி முடுக்கினால் ஒரு பொழுதில் முடிந்தது. ரசம் ஆறிப்போனது.

15 அக்டோபர்

தெருக்குழாயடியில் யாரும் முகம் கொடுக்கவில்லை. பேக்டரியில் கூலி வேலை பார்க்கிற வீரம்மாதான் வாய் திறந்தாள் — மூன்று நாள் கூலி இல்லாவிட்டால் பிள்ளைகள் எதைத் தின்னும், உன் வீட்டுக்காரர் யோசித்தாரா என்று. நானா குழாய் போடுகிறேன்?

18 அக்டோபர்

நாகையா பெட்டியைத் தூக்கிக்கொண்டு பண்டமாரானில் சிநேகிதன் வீட்டுக்குப் போய்விட்டான். இவர் தடுக்கவில்லை.

21 அக்டோபர்

துரை கூப்பிட்டுச் சேடலைப் போடச் சொன்னாராம். இவர் மாட்டேன் என்றாராம். திங்கட்கிழமை கோலாலம்பூரிலிருந்து வேறு ஆள் வருகிறான். இவர் வேலை? கேட்டால் ஸ்பேனரைத் துடைக்கிறார். சுவரோடு குடித்தனம் நடத்துகிறேன்.

23 அக்டோபர்

இன்று விடவில்லை நான். அப்படி என்ன பிடிவாதம் என்று கேட்டேன். விரலைத் தண்ணீரில் தொட்டுப் பலகையில் வரைந்து காட்டினார். பெரிய குழாய் பத்து அங்குலம்; கிளை எட்டு. கிளை சின்னதாக இருந்தால் தானே சேடல் போட்டிருப்பாராம். இவ்வளவு பெரிய துளை போட்டால் பழைய இரும்பு அந்த இடத்தில் பலம் இழந்துவிடும். எஞ்சின் அதிர அதிர விரிசல் விடும். அந்தக் கேஸ் கண்ணுக்குத் தெரியாது. ஆள் மயங்கி விழுந்த பிறகுதான் தெரியும்.

"புது எஞ்சின் பக்கத்துல யாரு நிக்கப்போறா? உன் தம்பிதான்."

"இத அவன்கிட்ட சொன்னீங்களா?"

"அவன் கேக்கலையே."

கேக்கலையாம். இத்தனை நாளா ரெண்டு பேரும் தொண்டை கிழியக் கத்துறாங்க, இந்த ஒரு பேச்சு மட்டும் வாயில வரல. இவங்கள நம்பி எஞ்சின ஒப்படைச்சிருக்காங்க!

24 அக்டோபர்

ரிக்சா பிடித்துப் பண்டமாரான் போனேன். எல்லார் முன்னாலும் தன்னை மட்டம் தட்டத்தான் மச்சான் டீ, டீ என்கிறார் என்று நினைத்தானாம் நாகையா. விஷயத்தைக் கேட்டதும், அப்படியானால் டீயே போடட்டும் என்றான். ஆனாலும் ஜனங்களுக்குக் கூலி போகக்கூடாதே என்றான். அதுவும் சரிதானே?

"தீபாவளிக்கு எப்படியும் மூணு நாள் மூடத்தானே போறாங்க. அப்ப அறுங்களேன்" என்றேன், எரிச்சலில்.

என்னையே பார்த்தான். "நான் தொரைகிட்ட பேசறேன்க்கா."

25 அக்டோபர்

துரை ஒத்துக்கொண்டார். வெளியாள் வரவேண்டாமாம். எல்லாருக்கும் லீவு, இவர்கள் இரண்டு பேரைத் தவிர. என் தீபாவளி? யாரும் கேட்கவில்லை. யோசனை சொன்னதும் நானேதான் — யாரைத் திட்டுவது?

4 நவம்பர், தீபாவளி

தலைக்கு எண்ணெய்கூட வைக்காமல் ஓடிவிட்டார். புதுச்சேலையில் தூக்குச்சட்டியோடு பேக்டரிக்கு நடந்தேன். குழாயை அறுத்துவிட்டிருந்தார்கள். இரண்டு பேர் முகத்திலும் குழாய்க்குள் படிந்திருந்த தார். இவர் கை நீட்டுமுன் அவன் ஸ்பேனரை எடுத்துக் கொடுக்கிறான். அதிரசம் என்ன ருசி என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருக்காது.

6 நவம்பர்

டீ உட்கார்ந்துவிட்டது. காற்று அடைத்து, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தபோது ஒன்றில் குமிழி வந்ததாம். இவர் இறுக்கிய மூட்டு. நாகையா குத்திக் காட்டாமல் வாஷரை மாற்றி இறுக்கினானாம். அவனுக்குக் கைவேலை சுத்தம் என்றார். இவர் வாயால்!

9 நவம்பர்

மூன்று எஞ்சினும் ஓடுகிறது. வேலை விட்டதும் நாகையா நேரே இங்கே வந்தான். இவர் பாயில் நகர்ந்து இடம் விட்டார். சோறு போடுவதற்குள் அடுத்தது ஆரம்பம்: கிளையில் கேஸை அடைக்க இன்னொரு வால்வு எங்கே வைப்பது? இவர் சுவர்ப் பக்கம் என்கிறார், அவன் எஞ்சின் பக்கம் என்கிறான். நானும் எனக்கு ஒரு தட்டை வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தேன். எஞ்சின் பக்கம்தான் சரி என்றேன்.

இரண்டு பேரும் ஏன் என்று கேட்டார்கள்.