சாக்கு மூடிய பெட்டி

ஜூன் 2
இன்று காலை என் கடைத் தராசில் ஒரு குழந்தையை எடை போட்டுவிட்டோம். தக்காளி என்று நினைத்து.

எங்கள் கடையில் ஒரு வழக்கம். தரம் பிரித்து முடிந்த பெட்டியைச் சாக்கால் மூட வேண்டும். மூடிய பெட்டி நேரே தராசுக்குப் போகும், யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. நான் போட்ட சட்டம்தான். தக்காளி பிரிக்கிற பெண் தன் கைக்குழந்தையைக் காலிப் பெட்டியில் தூங்க வைத்து, விளக்கு கண்ணில் படாமல் இருக்கச் சாக்கை லேசாக மேலே இழுத்துவிட்டிருக்கிறாள். சுமை தூக்குகிறவர் சட்டப்படி தூக்கிவிட்டார்.

முள் பதினொரு கிலோவில் நின்றது. வாங்க வந்த உணவகத்துக்காரர் குதித்தார். "இருபது இருக்க வேண்டிய பெட்டி பாதிதான் இருக்கு. என்னய்யா வியாபாரம் பண்றீங்க?" நானும் விடவில்லை. "காத்தையா அடைச்சோம்? நீங்களே தொறந்து பாருங்க!"

திறந்தார். உள்ளே ஒரு பெண் குழந்தை, கண்ணைக் கசக்கிக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தது.

"இது என்ன ரகம்?" என்றார்.

சந்தையே சிரித்தது. அதன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. குழந்தையை வாரி எடுத்துத் தோளில் போட்டாள். "நாளையிலேருந்து வரலண்ணே," என்றாள். அவ்வளவுதான்.

எடை போட்ட பெட்டி லாரிக்குப் போகும். லாரியில் பெட்டிமேல் பெட்டி அடுக்குவார்கள். அதை யோசித்தேன் — தட்டைத் தள்ளி வைத்தேன்.

ஜூன் 3
வரவில்லை. அவள் இடத்தில் உட்கார்ந்த புண்ணியவான் காயையும் கனியையும் ஒரே பெட்டியில் குடும்பம் நடத்த விட்டிருக்கிறார்.

ஜூன் 5
அவள் வீட்டுக்கே போனேன். "கொழந்தைய எங்கேயாவது விட்டுட்டு வரலாமேம்மா?"

"எங்கண்ணே? இலவச பால்வாடி ஒம்பது மணிக்குத்தான் தொறக்குது. அதுக்குள்ள சந்தையே முடிஞ்சிடும். அதுவும் மூணு வயசு ஆகியிருக்கணுமாம். ஒங்க பொண்ணு போற நர்சரி கேட்டேன். ஃபீஸைச் சொன்னாங்க. தண்ணி குடிச்சிட்டு வந்துட்டேன்."

வேறு வேலை கிடைத்ததா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தாள். அடுப்பில் எதுவும் இல்லை என்பதையும் பார்த்தேன். நல்ல கண் உள்ளவள் அவள். பழத்தைத் தொடாமலே எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவாள். அந்தக் கண் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. எனக்கும் நஷ்டம், அவளுக்கும் நஷ்டம். யாருக்கு லாபம்?

ஜூன் 6
மகளை விடப் போனபோது நர்சரித் தலைமையம்மாவிடம் கேட்டேன், விடியற்காலையில் திறக்க முடியுமா என்று.

"எங்க பேரண்ட்ஸ் யாரும் கேக்கலையே சார்."

கேட்க வேண்டியவர்களால் கேட்டுக்கு உள்ளேயே வர முடியவில்லை, பிறகு எப்படிக் கேட்பார்கள்? வாய் வரை வந்தது, விழுங்கினேன். மகளின் டீச்சர் வாசல் வரை பின்னாலேயே வந்தார். "இடம் இருக்கா உங்ககிட்ட? இருந்தா நான் வந்து பாத்துக்கறேன்," என்றார் மெதுவாக.

கடைக்குப் பின்னால் வெங்காய அறை இருக்கிறது. நல்ல வாடகைக்கு ஆள்கூடப் பார்த்து வைத்திருந்தேன். இருக்கு என்று சொல்லித் தொலைத்தேன்.

ஜூன் 8
டீச்சர் வந்து அறையைப் பார்த்தார். லாரிப் பக்கக் கதவை அடைக்க வேண்டும், எதிர்ப்பக்கம் ஜன்னல், சின்னக் கழிப்பறை. சரி, சரி, சரி. எல்லாவற்றையும் பேரம் பேசிக் குறைத்துவிடலாம் என்று இருந்தேன். கடைசியில் போட்டார் ஒரு போடு.

"உங்க பொண்ணும் இங்கதான் வரணும். இல்லேன்னா நான் வரல."

"அவளுக்குத்தான் அங்க இடம் இருக்கே டீச்சர்?"

"உங்க பொண்ணு உக்கார்ற எடத்துல கூரை ஒழுகாது சார். மத்தவங்க பிள்ளைங்க மட்டும்னா, அடுத்த மழைக்குப் பாக்கலாம்னு சொல்லுவீங்க."

சரக்கு வாங்கும்போது விற்கிறவனையே முதலில் ஒன்று கடித்துக் காட்டச் சொல்கிறவன் நான். என் வித்தையை என்னிடமே காட்டுகிறார். கோபம் வந்தது. அதைவிட மரியாதை வந்தது.

ஜூன் 9
மனைவியிடம் சொன்னேன். "எம் பொண்ணு வெங்காய ரூம்லயா?" அதற்குமேல் பாத்திரங்கள்தான் பேசின.

ஜூன் 10
இன்றும் பாத்திரங்கள்.

ஜூன் 12
சங்கத்தில் மற்ற வியாபாரிகளிடம் செலவில் பங்கு கேட்டேன். "ஒங்க தலைவலிய எங்க தலையில கட்டாதீங்க," என்றார் வாழைக்காய்க்காரர்.

"பிள்ளைக்குக் காய்ச்சல்னு ஒங்க ஆளுங்க வராத அன்னைக்கு, குப்பையில கொட்டினது எவ்வளவு?"

கூட்டம் முகட்டைப் பார்த்தது. பிறகு ஒவ்வொருவராக வழிக்கு வந்தார்கள். தர்மம் என்று கேட்டிருந்தால் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள்.

ஜூன் 15
அறைக்குப் போனால் உள்ளே என் வீட்டுக்காரி! பெயின்ட் அடிக்கிறவரை வாட்டிக்கொண்டிருக்கிறாள்.

"இது செவுரா, சிறைச்சாலையா? மஞ்ச அடிங்க. அலமாரிய எறக்கி வைங்க, பிள்ளைங்க கைக்கு எட்ட வேணாமா?" என்னைப் பார்த்ததும், "என்ன பாக்கறீங்க? எம் பொண்ணு வரப்போறான்னா ஒழுங்கா வரட்டும். கூரையில அந்த ஒடஞ்ச ஓட்டையும் மாத்துங்க, வெளிச்சம் தெரியுது."

டீச்சர் என் பக்கம் திரும்பவே இல்லை. முதுகு சிரித்தது.

ஜூன் 20
தக்காளிக்கார அம்மா வந்தாள். கதவுத் தாழ்ப்பாளை நாலு தரம் ஆட்டிப் பார்த்தாள். டீச்சரைத் தலை முதல் கால் வரை பார்த்தாள், பழத்தைப் பார்ப்பதுபோல. குழந்தையை விட்டுவிட்டு வேலைக்கு உட்கார்ந்தவள், பெட்டிக்கு ஒரு முறை எழுந்து போய் எட்டிப் பார்த்தாள். நான் கணக்கு நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் ஏறியபோது எட்டிப் பார்ப்பது நின்றது. வேலை பறந்தது.

ஜூலை 21
அறையில் வெங்காய வாசனை இன்னும் போகவில்லை. பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. இடம் கேட்டு வாழைக்காய்க்காரரே வந்தார், தன் பேரனுக்கு. "தலைவலி எப்படி இருக்கு?" என்றேன். காது கேளாதவர்போல் நின்றார்.

மாதம் ஒருமுறை பிள்ளைகளை எடை பார்க்க டீச்சர் என் தராசைத்தான் கேட்கிறார். சுமை தூக்குகிறவர்கள் 'பதினொண்ணு' என்று பெயர் வைத்த அந்தக் குட்டி, அதே பெட்டியில் உட்கார்ந்து இன்று பன்னிரண்டைத் தொட்டது. அவளுக்கு அடுத்து வரிசையில் நின்றவள் என் மகள். "அப்பா, என்மேல சாக்குப் போடுங்க!" என்று ஒரே அடம்.

பேசி முடித்தது இது: அறைக்கு வாடகை கிடையாது. டீச்சர் சம்பளம் எல்லாக் கடைகளும் சேர்ந்து, விற்கிற பெட்டிக் கணக்கில். முதல் லாரி வருவதற்கு முன் கதவு திறக்க வேண்டும். என் மகளை என்றைக்கு இங்கிருந்து நிறுத்துகிறேனோ, அன்றைக்கு டீச்சரும் நின்றுவிடுவார்.