நின்று திரும்பும் இடம்

செப்டம்பர் 30, திங்கள்

காலையிலேயே வெயில். மழைக்கு அறிகுறி இல்லை.

எங்கள் பனியன் கம்பெனியில், காலர் பின்னுகிற மிஷினில் மூன்றாவது தடவையாகப் பின் உடைந்தது. ஊசிகளுக்கு மேல் இடமும் வலமும் ஓடும் இரும்பு வண்டியை, அதை இழுக்கும் தண்டோடு பிணைக்கும் பின். தீபாவளிச் சரக்குக்காகப் போன வாரம் மோட்டாரின் பெல்ட்டுக்குப் பெரிய புல்லி போட வைத்தேன். வேகம் ஒன்றரை மடங்கு. மிஷின்காரன் மாரப்பனுக்கு அப்போதே பிடிக்கவில்லை.

மூன்று பின்னும் வண்டி ஓரத்துக்குப் போனபோதே உடைந்தன என்கிறான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஓரத்தில் வண்டி ஒரு கணம் நின்றுதான் திரும்புகிறது. நிற்கிற இடத்தில் எது உடைக்கும்?

"சுத்தியல்தான் உடைக்கும், மாரப்பா" என்றேன். வேலையாட்கள் எட்டுப் பேர் பக்கத்தில் இருந்தார்கள்.

"நானுங்களா? பன்னெண்டு வருசமா நானுங்களா?"

ஸ்பேனரை மிஷின்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

வாங்க வேண்டியது: சந்தனம், சாம்பிராணி, தலைவலி மாத்திரை.

அக்டோபர் 1, செவ்வாய்

மிஷின் ஓடவில்லை. மருமகள் சரோஜா சமையலறையிலிருந்தே சொல்கிறாள்: "நிக்கிறது வெலாசிட்டிங்க அத்தை. ஆக்சிலரேஷன் நிக்கறதில்லீங்க. ஓரத்துலதான் அது ரொம்ப ஜாஸ்தி."

"சாம்பார் அடிப்பிடிக்குது, அதைப் பாரு அம்மிணி" என்றேன். பி.எஸ்ஸி. படித்தவள். நான் கான்வென்டில் சயன்ஸ் பரிசு வாங்கியவள்.

அடிப்பிடிக்கவில்லை.

அக்டோபர் 2, புதன்

கம்பெனி லீவு. தனியாகப் போனேன். புதுப் பின் மாட்டி, வண்டிமேல் ஒரு காலி நூல்கட்டையை நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றினேன். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. நடுவில் வண்டி பறக்கிறது, கட்டை அசையாமல் நிற்கிறது. ஓரத்தில் வண்டி நின்று திரும்புகிறது, கட்டை விழுகிறது. ஐந்து தடவை. ஐந்தும் ஓரத்தில். தோள் வலி.

இந்தப் பக்கம் ஓடுகிற அத்தனை இரும்பையும் பிடித்து அந்தப் பக்கம் இழுப்பது அந்தச் சின்னப் பின். நிற்கிறது என்று மட்டும் பார்த்தேன். இழுபடுகிறது என்று பார்க்கவில்லை. வேகம் ஒன்றரை மடங்கு என்றால் இழுப்பு இரண்டே கால் மடங்காம். சரோஜாவிடம் கேட்டேன். கேட்பதற்கு மத்தியானம் வரை ஆயிற்று.

என் வீட்டுக்காரர் இறந்த வருடத்து என் டைரியை எடுத்துப் பார்த்தேன். பக்கம் பக்கமாக 'விசேஷம் ஒன்றுமில்லை' என்றே எழுதியிருக்கிறேன். அந்த வருடம்தான் கம்பெனிச் சாவியை நான் வாங்கிக்கொண்டது.

அக்டோபர் 3, வியாழன்

பஸ்ஸில் பெருமாநல்லூர். மாரப்பன் வீடு. அவன் மனைவி மோர் கொடுத்தாள். உப்பு அதிகம். குடித்தேன்.

தப்பு என்னுடையது என்றேன். அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்:

"அன்னிக்கு எட்டுப் பேர் முன்னாடி சொன்னீங்க. இன்னிக்கு என்ற ஊட்டுல வந்து சொன்னா ஆருக்குங்க தெரியும்?"

அவன் மனைவி: "பெரியவங்க இத்தன தூரம் வந்துருக்காங்க, பேச்சப் பாரு!"

அவன் சொன்னது நியாயம். பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை, நின்றுகொண்டே வந்தேன்.

அக்டோபர் 4, வெள்ளி

ஆயுத பூஜை. மேகமூட்டம். மிஷினுக்கு முதல் பொட்டை அதை ஓட்டுகிறவன்தான் வைக்க வேண்டும். இங்கே அதுதான் வழக்கம். அவன் வருவானா என்று தெரியாமல் சந்தனம் அரைத்தாயிற்று.

வந்தான். வாசலிலேயே நின்றான். எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"பின் உடைஞ்சது நான் போடச் சொன்ன புல்லியால. மாரப்பன் சுத்தியல் எடுக்கல. நான் சொன்னது பொய்."

அவன் உள்ளே வந்தான். பொட்டு வைக்காமல் மோட்டார் பக்கம் குனிந்தான்.

"பழைய புல்லிய மாட்டிட்டீங்களா? ஆருங்க மாட்டுனது? கோணலா நிக்குது."

நேற்று சாயங்காலம் நான்தான் மாட்டினேன். அதையும் எட்டுப் பேர் முன்னால் சொன்னேன்.