நீ ஊற்றிய தண்ணீர்

இன்று காலை பஸ் ஸ்டாண்டில், புளியங்குடி வண்டியின் மேலிருந்து இறக்கிய எலுமிச்சை மூட்டை ஒன்று தையல் விட்டுக் கொட்டிவிட்டது. நின்றவர்கள் எல்லாரும் குனிந்து பொறுக்கிக் கொடுத்தோம். யாரோ மிதித்து நசுங்கிய பழத்தின் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு நிற்க முடியவில்லை, பக்கத்துக் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். எலுமிச்சையை மோந்தால் மயக்கம் தெளியும் என்பார்கள். "ஒனக்கு மட்டும் எல்லாமே தலைகீழ்தாட்டி" என்று நீ சொல்லியிருப்பாய்.

அது உன் கை வாசனை. பிறந்த ஊரான புளியங்குடிக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் ஒரு பை பழத்தோடு வருவாய். நம் வளவில் இருந்த நாலு வீட்டுக்கும் உன் ஊறுகாய்தான். உனக்கும் எனக்கும் நடுவே இருந்த சுவர் கூரை வரை எட்டாது. உன் வீட்டுத் தாளிப்பு எனக்குத் தும்மல் வரவழைக்கும், என் வீட்டுச் செபமாலை உனக்குக் கொட்டாவி வரவழைக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவள் என்ற மிதப்பு எனக்கு அப்போது நிறைய உண்டு. அதைப் பார்த்துத்தான் எனக்குச் சின்னச் சாமியார் என்று பேர் வைத்தாய்.

என் மூத்த மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நான் கேள்வி கேட்பேன், அவள் மனப்பாடமாகச் சொல்லுவாள். அவள் திக்கினால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து நீ எடுத்துக் கொடுப்பாய், அத்தனையும் உனக்குப் பாடமாகியிருந்தது. ஞானஸ்நானம் கொடுக்கிறவர் யார் என்ற கேள்விக்குச் சாமியார் என்றும், சாகக் கிடக்கிற ஆபத்தில் எவரும் கொடுக்கலாம் என்றும் பதில். அன்றைக்கு மட்டும் நீ அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாய்.

"எவரும்னா, நானும் கொடுக்கலாமாட்டி?"

"ஆமா, யாரும் கொடுக்கலாம். படிச்சவ சொல்லுதேன், கேட்டுக்கோ" என்றேன். சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

எமர்ஜென்சி வருவதற்கு முந்தின ஆடி. எனக்கு ஏழு மாதம். கோமதியம்மன் கோவிலில் கொடியேறிய நாளிலிருந்து நீ தினமும் ஆடிச்சுற்று சுற்றினாய், நூற்றியெட்டு முறை. எனக்குச் சுகப்பிரசவம் ஆகவேண்டும் என்றுதான் சுற்றுகிறாய் என்று தெரிந்தபோது நான் நன்றி சொல்லவில்லை. எங்களுக்கு மாதா இருக்கிறாள் என்று வெடுக்கென்று சொன்னேன். சரி, ரெண்டு பேரும் பேசிக்கிடட்டும் என்று நீ சிரித்துக்கொண்டு போனாய்.

அம்மனின் தவத்துக்குச் சுவாமி காட்சி கொடுக்கும் தபசு நாள் மத்தியானம் எனக்கு வலி எடுத்துவிட்டது. என் வீட்டுக்காரர் குருவிகுளம் யூனியன் ஆபீசில் இருந்தார், பங்குச் சாமியார் ஏதோ கிளைக் கிராமத்துக்குப் பூசைக்குப் போயிருந்தார். சாயங்காலம் தபசுக் காட்சி பார்க்க வேண்டும் என்று காலையிலிருந்து பட்டினி கிடந்தவள் நீ. எனக்காக அந்தக் கூட்டத்தில் எதிர்த்திசையில் ஆளை விலக்கி விலக்கி ஆஸ்பத்திரிக்கு வண்டியைக் கொண்டுபோனாய். பிள்ளை பிறந்தது எனக்குத் தெரியாது. ரத்தப்போக்கில் நினைவு தப்பிவிட்டது.

கண் விழித்தபோது வெளியே தபசு வெடிச் சத்தம் கேட்டது. நீ என் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாய். பெண்பிள்ளை, ஒரு மணி நேரம் உயிரோடு இருந்தது என்று சொன்னாய். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாய்.

"தாங்காதுன்னு நர்சு சொல்லிட்டாட்டி. நாந்தான் தண்ணி ஊத்துனேன். ஒன் மக படிப்பாள்லா, அதே மாதிரி பிதா, சுதன், பரிசுத்த ஆவி பேராலன்னு சொல்லி மூணு தடவ ஊத்துனேன். மரியான்னு பேரு வச்சேன். வேதக்காரப் பேருல எனக்குத் தப்பில்லாம தெரிஞ்சது அதுதான். ஊத்தும்போது கண்ணத் தொறந்து பாத்தா."

எனக்கு அந்தக் கடைசி வாக்கியம்தான் சுட்டது. என் பிள்ளை கண்ணைத் திறந்தது, பார்த்தது உன்னை. நான் பத்தடி தள்ளிப் பிணம் மாதிரிக் கிடந்திருக்கிறேன். அந்தப் பொறாமையைப் பொறாமை என்று ஒத்துக்கொள்ள எனக்கு வாயில்லை. வேதத்தை எடுத்து அதன்மேல் போர்த்தினேன்.

"துன்னூறு பூசுதவ ஊத்துனா அது வெறும் தண்ணிதான்" என்றேன். நீ கையை எடுத்துக்கொண்டாய். ஆனாலும் எழுந்து போகவில்லை, ராத்திரி முழுக்க இருந்தாய்.

விடிந்ததும் என் வீட்டுக்காரர் வந்தார், எங்கள் மாதா கோவிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளையும் கூட வந்தார். ஞானஸ்நானம் வாங்கிய கைப்பிள்ளை இறந்தால் அது சம்மனசு, வானதூதர் மாதிரி. மணியடித்து, பூ வைத்து, மந்திரித்த மண்ணில் அடக்குவார்கள். வாங்காத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தின் மதிலோரம், மணி கிடையாது. அன்றைக்கு எங்களிடையே இருந்த வழக்கம் அது. குழிவெட்டும் முன் அவர் கேட்டாக வேண்டும். ஞானஸ்நானம் ஆச்சா அம்மா என்று கேட்டார்.

என் கால்மாட்டில் துணியை மடித்துக்கொண்டு நீ நின்றிருந்தாய். நான் உன்னைப் பார்க்காமல், இல்லை என்றேன். துணி மடிக்கிற சத்தம் நின்றது. நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தாய் சொன்னதற்கு மேல் தான் என்ன சொல்ல என்று நினைத்தாயோ, சும்மா இருந்துவிட்டாய். என் வீட்டுக்காரர் பிள்ளையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார். நான் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன், மணி அடிக்கவில்லை.

அதன் பிறகு நீ ரசம் கொடுத்தனுப்பினாய், நான் திருப்பி அனுப்பினேன். கிறிஸ்துமஸ் பலகாரம் உன் வீட்டைத் தாண்டிப் போனது. மகள் படிக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. ஒரு தை மாதம் நீங்கள் கடையநல்லூருக்குக் குடிபெயர்ந்தீர்கள், உன் வீட்டுக்காரருக்கு அங்கே நூல் கடையில் வேலை. போயிட்டு வாரேன் என்று என் வாசலில் நின்று சொன்னாய். நான் அடுப்படியிலிருந்து தலையை மட்டும் ஆட்டினேன்.

பத்து வருஷம் கழித்து, ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு ஒரு தியானம் நடத்த வெளியூர்ச் சாமியார் ஒருவர் வந்தார். காபி நேரத்தில் அவரிடம், யாருக்கோ நடந்த மாதிரிக் கேட்டேன். கொடுத்தவள் இந்துவாக இருந்தால் என்று இழுத்தேன். இந்துவா இருந்தாலும் செல்லும்மா, திருச்சபை செய்யுறதச் செய்யணும்னு நெனச்சு ஊத்துனா போதும் என்றார். சொல்லிவிட்டு இன்னொரு வடை எடுத்துக்கொண்டார்.

மறுநாளே கடையநல்லூருக்கு வந்தேன். உன் வீட்டுக்காரர்தான் கதவைத் திறந்தார். பங்குனியில் மஞ்சள் காமாலையில் நீ போய்விட்டாய் என்றார். நான் யாரென்று தெரிந்ததும் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். "கேக்காம செஞ்சிட்டேனே, அதான் அவளுக்குக் கோவம்னு சொல்லிக்கிட்டே இருப்பா" என்றார். கோபம் உன்மேல் இல்லை என்று அவரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். கேட்க வேண்டியவள் நீ அல்லவா.

திரும்பி வந்து பங்குச் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்து மரியா என்று எழுதினார். கொடுத்தவர் பெயர் என்ற கட்டத்தில் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். உன் பெயரைச் சொன்னேன். மேலும் கீழும் சாமியார்களின் பெயர், நடுவில் நீ இருக்கிறாய். ஒரு மாலையில் வந்து மதிலோரத்தையும் மந்திரித்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று என் வீட்டுக்காரர் சொன்னார்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்தப் பதிலைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், இன்னும் சொல்லிக்கொடுக்கிறேன். சொல்லிக்கொடுத்த நான் நம்பவில்லை, அரிசி புடைத்துக்கொண்டே கேட்ட நீ நம்பினாய். என் விசுவாசம் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் உன்னிடமிருந்துதான் தொடங்க வேண்டும். இப்போதெல்லாம் செபிக்க உட்கார்ந்தால் பிதா சுதன் என்று கை நெற்றிக்குப் போவதற்குள் அந்தக் கட்டில் வந்துவிடுகிறது, துணியோடு நீ நிற்கிறாய், கோயில்பிள்ளை கேட்கிறார். தினமும் அவருக்குப் பதில் சொல்கிறேன். ஆச்சு, இவதான் கொடுத்தா.