சந்தனம் பூசிய ஜாக்கி

குரும்பகரம்
30.10.1983

அன்புள்ள சிவசுப்பிரமணியனுக்கு அம்மா எழுதுவது. இங்கே மனிதர்கள் எல்லோரும் சுகம், நீ வாங்கி டிராக்டர் முன்னால் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போன மண் அள்ளுகிற லோடர் மட்டும் சுகமில்லை. மஸ்கட் வெயிலில் நீ தலைக்குத் துண்டு கட்டிக்கொள்கிறாயா என்று எழுது. அமுதம் தலைப்பிரசவத்துக்கு வந்துவிட்டாள், மாப்பிள்ளை ஞாயிறுதோறும் வந்து ஒரு வார்த்தை பேசாமல் பேப்பர் படித்துவிட்டுப் போகிறார். மழை இரண்டு தடவை மிரட்டிவிட்டுப் போயிருக்கிறது, வாய்க்கால் கரைக்கு இன்னும் மண் போட்டு முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று உன் அப்பா தனியாக எழுதுவார். எந்திரத்தை விற்றவன் மட்டமான சீல் போட்டு ஏமாற்றிவிட்டான் என்று எழுதுவார். அதை நம்பாதே, நடந்ததை நான் எழுதுகிறேன்.

ஆடியில் நீ கிளம்புவதற்கு முன்னால் அப்பாவையும் டிரைவர் இளையபெருமாளையும் நிற்க வைத்து, வேலை முடிந்தால் பக்கெட்டைத் தரையில் இறக்கிவிடணும், இறக்கி வைத்துத்தான் ஆயில் அளவு பார்க்கணும், பக்கெட்டைத் தூக்குகிற ஜாக்கித் தண்டு கண்ணாடி மாதிரி இருக்கணும், அதில் மண் ஒட்டினால் உள்ளே போய், எண்ணெய் கசியாமல் பிடிக்கிற ரப்பர் சீலைக் கிழித்துவிடும் என்றெல்லாம் சொன்னாய் அல்லவா. அப்பா கதாகாலட்சேபம் கேட்கிறவர் போலத் தலையாட்டிக் கேட்டார். அதே போல மறந்தும்விட்டார். நீ போன வாரமே வாசல் பூவரசு மரத்தை வெட்டினார். கோட்டுச்சேரி ரோட்டிலிருந்து பார்த்தால் மரம் லோடரை மறைக்கிறதாம். பக்கெட்டைத் தரையில் வைத்தால் வெறும் டிராக்டர் மாதிரித் தெரிகிறதாம், அதனால் வேலை இல்லாத நேரமெல்லாம் அது வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. அப்படி நிற்கும்போதே ஆயில் அளவு பார்த்தார்கள். ஆயில் முழுக்க ஜாக்கிக்குள் ஏறியிருக்க, டாங்கி குறைவாகத்தானே காட்டும்? வழிய வழிய ஊற்றினார்கள். பக்கெட்டை இறக்கியதும் எல்லாம் திரும்பி வந்து மூடி வழியாகப் பொங்கி அப்பாவின் சலவை வேட்டியில் கொட்டியது. பக்கத்து வீட்டுக் கமலாம்பாள், "பொங்குனா நல்லதுதாங்க, பால் பொங்குன மாதிரி" என்றாள். வேட்டி துவைத்தவள் நான்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. அரிவாள் முதல் சைக்கிள் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று, டிராக்டர் முகப்பில் பட்டை போட்டாயிற்று, அத்தோடு விட்டிருக்கலாம். தூக்கி நின்ற பக்கெட்டுக்குக் கீழே அந்தத் தண்டுகள் இரண்டும் பளபளவென்று இருந்தது அப்பாவின் பக்தியைத் தூண்டிவிட்டது. திருநீற்றைக் குழைத்து இரண்டிலும் பட்டை பட்டையாகப் பூசி, மேலே சந்தனம், அதற்கு மேலே குங்குமம். இளையபெருமாள், "அய்யா, தம்பி அந்தத் தண்டுல தூசி கூடப் படக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போச்சு" என்றான். அப்பா, "தூசியும் திருநீறும் ஒண்ணாடா ஒனக்கு?" என்று கேட்டார். அவன் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிட்டான். மறுநாள் பக்கெட்டை இறக்கினபோது, காய்ந்து கெட்டியாகியிருந்த அருள் முழுவதும் தண்டோடு சீலுக்குள் போயிற்று.

அன்றிலிருந்து இரண்டு தண்டிலும் எண்ணெய் கசிந்தது. தூக்கி நிறுத்தினால், என்ஜினை அணைத்த பிறகும் பக்கெட் தானாக மெல்ல மெல்ல இறங்கியது. சீல் போய்விட்டது என்று யாரும் சொல்லவில்லை. கமலாம்பாள், "யாரும் தொடாமலே குனிஞ்சு கும்பிடுது பாருங்க" என்று சூடம் ஏற்றினாள். அப்பா மறுக்கவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் தூக்கித் தூக்கிக் காட்டினார்.

நாற்று பறிக்க வருகிற பூவாயியை உனக்குத் தெரியும். பூவரசு நிழலில் உட்கார்ந்து சாப்பிடுகிறவள். மரம் போன பிறகு அந்த வாசலில் நிழல் என்று இருந்தது பக்கெட்டின் நிழல் ஒன்றுதான். அங்கே உட்காராதே என்று சொன்னேன், "வேற நெழலு எங்கம்மா இருக்கு?" என்றாள். அப்பாவிடம் சொன்னேன். "அது அங்குலம் அங்குலமாத்தாண்டி எறங்குது, எந்திரிச்சுப் போக நேரமில்லையா?" என்றார். போன வெள்ளிக்கிழமை பூவாயி பாதிச் சாப்பாட்டில் எழுந்து, ஊறுகாய் கேட்டுக் கொல்லைப்பக்கம் வந்தாள். நான் அவள் கையில் வைக்கிறேன், வாசலில் இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். ஓடிப் பார்த்தால் இருந்த கொஞ்ச சீலும் பிய்த்துக்கொண்டு பக்கெட் ஒரே அடியாகக் கீழே கிடக்கிறது. இளையபெருமாள் கடப்பாரை போட்டு நெம்பினபோது அவளுடைய தூக்குச்சட்டி அப்பளமாக வந்தது. பூவாயி ஊறுகாயைக் கையில் வைத்துக்கொண்டே அதைப் பார்த்தாள். "பாதி தின்னுட்டேன், நல்லவேளை" என்றாள். அப்பா மறுநாள் காரைக்கால் போய் எவர்சில்வரில் மூடி போட்ட தூக்கு வாங்கிக் கொடுத்தார். அவரைப் பொறுத்தவரை விஷயம் முடிந்துவிட்டது. கம்பெனிக்காரனைத் திட்டுவதுதான் பாக்கி.

எனக்கு விஷயம் முடியவில்லை. நசுங்கின தூக்கை நான் எடுத்து வந்து, பக்கெட்டைத் தூக்குகிற லீவரில் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டேன். இனி எவர் தூக்க நினைத்தாலும் முதலில் அதை அவிழ்க்க வேண்டும். "நல்ல நாளும் அதுவுமா, தீபாவளி வருது, வண்டியில என்னடி அமங்கலம்?" என்று அப்பா கத்தினார். நீங்கள் போட்ட பொட்டுக்கு இது எவ்வளவோ மேல் என்றேன். இதுவரை அவர் அதைத் தொடவில்லை. கரைக்கு ஆட்கள் கூடையில் மண் சுமக்கிறார்கள். பூவாயி மத்தியானம் நம் கூடத்தில் அமுதத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அதற்கும் அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார், வாசல் பக்கம் பார்த்தார், பேப்பரை எடுத்துக்கொண்டார்.

சீலை அவசரமாக அனுப்பாதே. முதலில் அப்பாவுக்கு ஒரு கடிதம் போடு. நான் சொன்னால் புலம்பல், அதையே வெளிநாட்டு ஸ்டாம்பு ஒட்டிச் சொன்னால் சாஸ்திரம். பக்கெட் தரையில்தான் இருக்க வேண்டும், தண்டில் சுத்தமான துணியைத் தவிர எதுவும் படக்கூடாது என்று எழுது. அவர் பதில் போட்ட பிறகு இரண்டு ஜாக்கிக்கும் சீல் அனுப்பு.

இன்னொன்று. வெள்ளிக்கிழமையிலிருந்து எனக்கு இதே நினைப்புதான். நீ நாள் முழுக்க இந்த மாதிரி எந்திரங்களுக்கு அடியில் படுத்து வேலை பார்க்கிறவன். அங்கே சந்தனம் பூசுகிறவர்கள் இருக்க மாட்டார்கள், ஆனால் தலையாட்டிவிட்டு மறக்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள். முட்டுக் கொடுக்காமல் எதற்கும் கீழே போகாதே. எவ்வளவு வெயிலாக இருந்தாலும் அங்கே உட்கார்ந்து சாப்பிடாதே. அம்மனை வேண்டிக்கொண்டிருக்கிறேன், நீ முழுசாக வீடு வந்து சேரவேண்டும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா
அன்னபூரணி