கப்பித்தானுக்கு அழுத கண்

நாசரேத்,
12-6-1944

பிரியமுள்ள அத்தானுக்கு ஜீவமணி எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் அம்மாவும் சுகமாயிருக்கிறோம். உங்களையும் ஆண்டவர் குறைவில்லாமல் காக்க வேண்டிக்கொள்கிறேன்.

ஆனால் சுகம் விசாரிக்க இதை எழுதவில்லை. முந்தாநாள் தம்பி பொன்னுதுரை தூத்துக்குடியிலிருந்து வந்தான். கருப்பட்டிச் சிப்பங்களை இறக்கிவிட்டு, உங்களைப் பார்க்கத் துறைமுகத்துப் பக்கம் வந்தானாம். பார்த்தும் பேசாமல் திரும்பிவிட்டான். ஏன் என்று கேட்டால் மழுப்பினான். விடாமல் கேட்ட பிறகுதான் சொன்னான்.

"அத்தான் தரையில உக்காந்து, ஒரு நாயை மடியில போட்டுக்கிட்டு ஓன்னு அழுதுக்கிட்டு இருந்தாகக்கா. சுத்திலும் ஆளுக. கிட்டப் போக எனக்கு வெக்கமா இருந்திச்சி."

"வேற யாராவது இருக்கும்லே" என்றேன்.

"எனக்கு அவுகளைத் தெரியாதாக்கும்?" என்றான்.

அத்தான், போன ஐப்பசியில் நம் கிருபையைப் பெட்டிக்குள் வைத்தபோது நான் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்கூடச் சிவக்கவில்லை. குழி வெட்டுகிறவனிடம் இன்னும் ஆழம் வேண்டும் என்று சொன்னீர்கள். வந்தவர்களுக்குக் காப்பி கிடைத்ததா என்று விசாரித்தீர்கள். அதன்பின் நான் அந்த வீட்டில் இருந்த காலம் முழுக்க, ஐந்து வயதுப் பிள்ளையின் பேரை ஒரு தடவைகூட நீங்கள் வாயெடுத்துச் சொல்லவில்லை. அதைத் தாங்க முடியாமல்தான் இங்கே வந்து பள்ளிக்கூட வேலையில் சேர்ந்தேன். உங்களுக்கு அழ வராது, சிலருக்கு அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அழ வருமாமே.

எந்த நாய் அது?

ஜீவமணி


தூத்துக்குடி,
17-6-1944

அன்புள்ள ஜீவமணிக்கு,

கடிதம் கிடைத்தது. உன் தம்பிக்கு ஒன்றைப் பத்தாக்கிச் சொல்லும் பழக்கம் சின்ன வயதிலிருந்தே உண்டு. தோணித்துறையில் திரிந்த நாய் ஒன்று அடிபட்டுச் செத்தது. நான் பக்கத்தில் இருந்தேன். கச்சான் காற்று அடிக்கிற நாளில் யாருடைய கண்ணில்தான் தண்ணீர் வராது? அவ்வளவுதான். இதற்கு ஒரு கடிதமா?

இங்கே வேலை நெருக்கடி. யுத்தத்தால் எந்தக் கப்பல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு வாரம் சும்மா உட்கார்ந்திருக்கிறோம், அடுத்த வாரம் நிற்க நேரமில்லை. சும்மா இருக்கும் நாள்தான் கஷ்டம். ஆபீசிலும் இருக்க முடியாமல் வீட்டிலும் இருக்க முடியாமல் கடற்கரை ரோட்டில் மேலும் கீழும் நடக்கிறேன். செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

மாமாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது? அத்தையிடம் என் வணக்கத்தைச் சொல்லவும்.

எஸ்றா


நாசரேத்,
20-6-1944

அத்தானுக்கு,

அவ்வளவுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி. எனக்கும் அவ்வளவுதான்.

பெரிய டீச்சர் அம்மாள் என்னை நிரந்தரமாக இருந்துவிடச் சொல்கிறார்கள். விடுதியில் ஓர் அறையும் தருவார்களாம். மாதக் கடைசிக்குள் பதில் கேட்டிருக்கிறார்கள். இருந்துவிடலாம் என்று நினைக்கிறேன். என் துணிப்பெட்டியையும் தையல் மிஷினையும் எடுத்துவர பொன்னுதுரையை அனுப்புகிறேன். வருகிற நாளை எழுதுகிறேன், அன்று வீட்டைத் திறந்து வையுங்கள்.

ஜீவமணி


தூத்துக்குடி,
25-6-1944

ஜீவமணி,

இதை எத்தனை தடவை எழுதிக் கிழித்தேன் என்று தெரியாது. எழுத உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். எழுந்தால் போக இடமில்லை. இப்போது ஆராதனைக்கும் போகாமல் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன்.

பொன்னுதுரை கூட்டிச் சொல்லவில்லை. ஓவென்றுதான் அழுதேன்.

கப்பல்கள் தூரத்தில் ஆழமான தண்ணீரில்தான் நிற்கும், தோணியில் போய்ச் சரக்கைச் சரிபார்ப்பது என் வேலை என்று உனக்குத் தெரியும். மாசி மாதத்தில் ஒருநாள் பவுல் தண்டல் ஓட்டுகிற தோணியில் ஏறினால், முன்பக்கத்தில் ஒரு செவலை நாய் நிற்கிறது. யார் விரட்டியும் இறங்கவில்லை. தோணி கிளம்பியதும் கப்பலைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. கப்பலை நடத்துகிற துரை மாதிரி நிற்கிறதே என்று ஆட்கள் சிரித்துவிட்டு அதற்குக் கப்பித்தான் என்று பேர் வைத்தார்கள்.

அன்று சாயங்காலம் அது என் பின்னாலேயே வந்தது. நான் கூப்பிடவில்லை. சில நாள் வாசலில் படுத்தது. பிறகு உள்ளே வந்தது. நான் சாப்பிட உட்கார்ந்தால் எதிரே உட்காரும். நீ போன பிறகு அந்த வீட்டில் சத்தமே கிடையாது, ஜீவமணி. நான் அதனிடம் பேச ஆரம்பித்தேன். இன்றைக்கு மீன் விலை இப்படி, மானேஜர் இப்படிச் சத்தம் போட்டார் என்று சொல்வேன். காதை ஆட்டும். காலையில் எழுந்ததும் ஒரு ஜீவன் என்னைக் கண்டு சந்தோஷப்பட்டது. அது இல்லாமல் எத்தனை மாதம் இருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

பொன்னுதுரை பார்த்த அன்று காற்று கடுமை. தோணி துறைமுகப் பாலத்தில் இடிப்பதும் விலகுவதுமாக ஆடிக்கொண்டிருந்தது. நான் தாவி ஏறிவிட்டேன். எனக்குப் பின்னால் கப்பித்தானும் தாவியது. கால் வழுக்கி இடையில் விழுந்துவிட்டது. தோணி திரும்ப வந்து மோதியது. பவுலும் நானும் அதைப் பாலத்தின்மேல் தூக்கிப் போட்டோம். தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். என் கையை நக்கியது. பிறகு நக்கவில்லை.

எனக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அது என்னுடையதுதானா என்று எனக்கே தெரியவில்லை. நிறுத்தப் பார்த்தேன். நிற்கவில்லை.

மூட்டை தூக்குகிற ஒருத்தன், "ஏலே, கிளார்க்கய்யா ஒரு தெருநாய்க்குப் பொம்பள மாதிரி அழுதாரு பாருங்கலே" என்று சிரித்தான். இரண்டு மூன்று பேர் சேர்ந்து சிரித்தார்கள்.

பவுல் தண்டல் முரட்டு ஆள். சொந்தத் தம்பியைக் கடலில் பறிகொடுத்துவிட்டு மறுவாரமே பாய் விரித்துக் கொழும்புக்குப் போனவர். அவர் திரும்பி, "சிரிக்கவன் இங்கன நிக்காத. போயிரு. செத்தது நம்ம தோணி ஆளுலே" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவர் குரல் உடைந்துவிட்டது. என் பக்கத்தில் வந்து குந்தினார். தலைத்துண்டை முகத்தில் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதார். அதைப் பார்த்துத் தோணிக்காரர்கள் இரண்டு பேரும் அழுதார்கள். யாரும் யாரையும் அழாதே என்று சொல்லவில்லை. சிரித்தவன் போய் மண்வெட்டி வாங்கி வந்தான். கடற்கரையில் மேட்டுப் பக்கமாகப் புதைத்தோம்.

நம் சபைப் பாதிரி ஐயர் கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்தார். "எஸ்றா, நீர் நாய்க்கு அழல. உம்ம மகளுக்குத்தான் அழுதீரு" என்றார். உனக்கும் அப்படியே எழுதிவிட நினைத்தேன். உன் மனசும் ஆறும், என் மானமும் தப்பும். எழுதியும் விட்டேன். அதைத்தான் கிழித்தேன். ஏனென்றால் அது உண்மையில்லை. நான் கப்பித்தானுக்குத்தான் அழுதேன். நல்ல நாய் அது.

கிருபைக்கு ஏன் அழவில்லை என்று நீ கேட்கிறாய். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டு நடக்கிறேன். அடக்கத்தன்று காலை மாமா என் தோளைப் பிடித்து, "மாப்ளே, நீரும் உடைஞ்சிட்டா அவளை யாரு பிடிக்கது?" என்றார். சரியென்று பட்டது. உன்னைப் பிடித்துக்கொள்வதற்காகக் கல் மாதிரி நின்றேன். நின்றேனே ஒழிய உன்னைப் பிடிக்கவும் இல்லை. பிறகு அழலாம் என்று தள்ளிவைத்தது, பிறகு வரவேயில்லை. அவள் பேரைச் சொன்னால் வீடே இடிந்து விழுந்துவிடும் போல ஒரு பயம். நாய்க்கு அழும்போது யாரும் என்னைத் தாங்கச் சொல்லவில்லை. அதனால் வந்ததோ என்னவோ.

அழுத பிறகு பாரம் இறங்கியது என்று எழுத ஆசைதான். இறங்கவில்லை. ஆனால் நேற்று அடுப்படியில் நின்றுகொண்டு 'கிருபை' என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். வீடு அப்படியேதான் இருந்தது. இன்னொரு தடவையும் சொன்னேன்.

தையல் மிஷினுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறேன். தம்பியை எப்போது வேண்டுமானாலும் அனுப்பு.

எஸ்றா


நாசரேத்,
29-6-1944

பிரியமுள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது வந்தது. பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக்கொடுத்துவிட்டு வாசித்தேன். பாதியில் மடித்து வைத்தேன். இருப்புக் கொள்ளாமல் மறுபடி எடுத்தேன். ஒரு பிள்ளை, "டீச்சர், அழுதீகளா?" என்று கேட்டது. "ஆமா" என்றேன். அது சரியென்று போய் உட்கார்ந்து கணக்கைப் போட்டது.

ஐயர் சொன்னதை நீங்கள் எழுதி அனுப்பியிருந்தால் இந்தப் பதிலை எழுதியிருக்க மாட்டேன். அம்மாவும் அதைத்தான் சொன்னாள். "மருமகன் பிள்ளைக்குத்தான் அழுதிருப்பாகட்டி" என்றாள். கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல்தான் வந்தது. நீங்கள் நாய்க்குத்தான் அழுதேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது எனக்கு வலிக்கிறது. ஆனாலும் ரொம்ப நாளைக்குப் பிறகு உங்களிடமிருந்து ஓர் உண்மை வந்திருக்கிறது.

உங்கள் கண்ணீர்தான் எனக்கு வேண்டும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். வாசித்த பிறகு அது இல்லையென்று தெரிகிறது. நான் அழுதபோதெல்லாம் எல்லோரும் 'அழாதே, அழாதே' என்றார்கள். நீங்கள் ஒன்றுமே சொல்லாமல் எழுந்து வெளியே போவீர்கள். பவுல் அண்ணாச்சி உங்கள் பக்கத்தில் வந்து குந்தினாரே, அப்படி ஒருத்தர் என் பக்கத்தில் வந்து உட்காரவில்லை. அதை வாசிக்கும்போது உங்கள்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

பொன்னுதுரையை அனுப்பவில்லை. வருகிற சனிக்கிழமை நானே வருகிறேன். பெரிய டீச்சர் அம்மாளிடம் ஒரு வாரம் தவணை கேட்டிருக்கிறேன். என்ன பதில் சொல்லப்போகிறேன் என்று இப்போது கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. பெட்ரோல் பஞ்சத்தில் கரியில் ஓடுகிற பஸ் எங்கே நிற்கும், எப்போது கிளம்பும் என்று சொல்ல முடியாது. ஸ்ரீவைகுண்டத்தில் நின்றாலும் நிற்கும். நேரமானாலும் காத்திருங்கள்.

முதலில் கல்லறைத் தோட்டத்துக்குப் போக வேண்டும். நான் அழுவேன். நீங்கள் அழவேண்டும் என்றில்லை. எழுந்து போகாமல் இருந்தால் போதும்.

பிறகு கடற்கரைக்குப் போவோம். கப்பித்தானைப் பற்றி நீங்கள் எழுதியது எனக்குப் போதவில்லை. அது எப்படித் தூங்கும், யாரைக் கண்டால் குரைக்கும், என்ன கொடுத்தால் விரும்பித் தின்னும் என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். கேட்கிறேன். சொல்லும்போது அழுகை வந்தால் அழுங்கள், நான் பக்கத்தில்தான் இருப்பேன்.

அதற்குப் பிறகு நான் கிருபையைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் கடலுக்குப் போயிருந்த பகலெல்லாம் அவள் என்ன செய்தாள், என்னென்ன பேசினாள் என்று உங்களுக்குத் தெரியாது அத்தான். இதுவரை யாரும் என்னிடம் கேட்கவுமில்லை.

உங்கள்
ஜீவமணி