கொஞ்சம் கூட வைத்த மட்டை

பாய்,

நேற்று மாலை உங்கள் பேத்தி ஒரு மட்டையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். ஐஸ் ஹாக்கியில் கோல் காப்பவர்கள் பிடிக்கும் மட்டை. சிறு பிள்ளைகளுக்கென்றே செய்தது. கனமாக இருக்கும் என்று எண்ணி இரண்டு கைகளையும் நீட்டி, முழங்காலைக்கூடச் சற்று மடக்கித் தயாராக நின்றேன். அதுவோ விளக்குமாறு போல லேசாக வந்து கையில் விழுந்தது. நான் ஏமாந்து பின்னால் ஓரடி வைத்ததைப் பார்த்து அவள் சிரித்தாள். அப்படியே அவள் அம்மா பானுவின் சிரிப்பு.

பானு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "அத்தா இருந்திருந்தா இத மொதல்ல தராசுல போட்டிருப்பாருங்க சார்."

உங்கள் மகள் கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கிறாள். அவளுடைய மகள் அங்கே நிஜமான பனித்தரையில் கோல் காக்கிறாளாம். அந்த மட்டையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றபோது என் மூக்கில் ஏறியது உங்கள் பட்டறையின் மரத்தூள் வாசம்தான். இந்த மட்டையில் மரமே இல்லை, பாய். என்னமோ நூலிழைப் பொருளாம், உள்ளே நுரையாம். ஆனாலும் வாசம் வந்தது. அதனால்தான் இந்த மடல்.

தொண்ணூறுகளின் நடுவில் உக்கடத்தில் உங்கள் பேட்டர்ன் பட்டறை என் பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்தது. மோட்டார் பம்பு செய்கிற பவுண்டரிக்காரர்களுக்கு நீங்கள் மரத்தில் மாதிரி செய்து கொடுப்பீர்கள். அந்த மாதிரியை மணலில் அழுத்தி எடுத்தால் பள்ளம் நிற்கும். அந்தப் பள்ளத்தில் உருகிய இரும்பை ஊற்றினால் பம்பின் உடம்பு கிடைக்கும். இயற்பியல் வாத்தியாரான நான் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு பழைய மாதிரியைக் கேட்டு வந்தேன். ஒரு டீ குடித்தேன். பிறகு சாயங்கால டீக்கு எனக்கு வேறு இடமே இல்லை என்றாகிவிட்டது.

இரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதை வகுப்பில் சொல்ல நான் ஓர் உதாரணம் வைத்திருந்தேன். கீரையை வதக்கினால் சட்டி நிறைய இருந்தது ஒரு கைப்பிடியாகிவிடும் அல்லவா? அதை உங்களிடம் பெருமையாகச் சொன்னேன். நீங்கள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டீர்கள்.

"ஏனுங்க வாத்தியாரே, கீரையோட சேத்துப் பேசாதீங்க. பவுண்டரிக்காரரு காதுல உளுந்துச்சுன்னா ஆர்டரைத் திருப்பி வாங்கிப்போடுவாரு. இரும்பு சுருங்கறது நூலளவுதானுங்க."

அந்த நூலளவுக்காக உங்களிடம் தனியாக ஒரு ஸ்கேல் இருந்தது. பார்க்கச் சாதாரண எஃகு ஸ்கேல்தான். ஆனால் அதில் ஒவ்வோர் அங்குலமும் உண்மையான அங்குலத்தைவிட மயிரிழை பெரிது. அதை வைத்து அளந்தால் மாதிரி தானாகவே கொஞ்சம் பெரிதாக வரும். வார்ப்பு ஆறிச் சுருங்கியதும் சரியான அளவுக்கு வந்து நிற்கும். போதாததற்கு, பிற்பாடு கடைந்து தேய்ப்பதற்கென்று ஓரங்களிலும் கொஞ்சம் கூட வைப்பீர்கள். "சூட்டுல எடுத்த அளவு ஆறினா நிக்காதுங்க. கொஞ்சம் கூட வெச்சுக்கோணும்" என்பீர்கள். பட்டறைக்கு வெளியிலும் உங்கள் கணக்கு அதுதான். பானுவுக்குத் தைக்கும் சீருடை அவளைவிட ஒரு வகுப்பு மூத்ததாகவே இருக்கும். பெருநாள் பிரியாணி, அழைத்தவர்கள் போக, அவர்கள் வழியில் யாரையாவது பார்த்துக் கூட்டிவந்தால் அவர்களுக்கும் சேர்த்து வெந்திருக்கும்.

எங்கள் பள்ளியின் பி.டி. மாஸ்டர் அப்போதுதான் சக்கர ஷூ போட்டு ஹாக்கி ஆடுகிற ஓர் அணியைத் தொடங்கியிருந்தார். சிமென்ட் தரை, பெண் பிள்ளைகள், ஒரே உற்சாகம். ஆறாம் வகுப்பில் இருந்த பானுதான் கோல்காப்பு. ஆள் எலிக்குஞ்சு மாதிரி இருப்பாள். ஆனால் பந்து முகத்துக்கு நேரே வந்தாலும் கண்ணை மூடமாட்டாள். மாஸ்டருக்கு அது ஒன்றே போதுமாக இருந்தது. கோல்காப்பு மட்டைதான் கோவையில் எங்கும் கிடைக்கவில்லை. ஒரு மாணவியின் மாமா கனடாவிலிருந்து வந்தபோது ஐஸ் ஹாக்கி மட்டை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். பெரியவர்கள் பிடிக்கும் மட்டை. அதைத் தூக்கிக்கொண்டு பானு பட்டறைக்கு வந்த சாயங்காலம் நானும் அங்கே இருந்தேன்.

"ஐஸ் ஹாக்கியா? நம்ம ஊர்ல ஐஸ் எங்கீங்க இருக்குது? மீன் மார்க்கெட்டுலதான் இருக்குது. அங்க போய் ஆடுனா வஞ்சிர மீனுதான் கோல் போடும்" என்று சிரித்தீர்கள்.

பானு சிரிக்கவில்லை. "அத்தா, நான் மட்டையப் புடிக்கல. மட்டைதான் என்னையப் புடிச்சுட்டு நிக்குது. இடப்பக்கம் பந்து வந்தா இதத் திருப்பறதுக்குள்ள கோலாயிருது. வர்ற மேட்ச்சுலயும் இப்படியே போச்சுன்னா நெட்டை செல்விய நிறுத்திருவேன்னு மாஸ்டர் சொல்லிப்போட்டாரு."

சொல்லும்போது அவள் உதடு கோணியது. நீங்கள் சட்டென்று சிரிப்பை நிறுத்தினீர்கள். மட்டையை வாங்கி, ஒரு கையில் பிடித்து ஆட்டிப் பார்த்தீர்கள். வாத்தியார் புத்தி, நான் ஆரம்பித்தேன். தண்ணீர் வாளியை உடம்போடு ஒட்டித் தூக்கினால் ஒன்றுமில்லை. அதே வாளியைக் கையை நீட்டிப் பிடித்தால் தோள் கழன்றுவிடும். இந்த மட்டையிலும் கனமெல்லாம் கையைவிட்டுத் தூரத்தில், அடியில் இருக்கிறது. அங்கே குறைத்தால் போதும் என்றேன்.

"செரிங்க. வாளிய நீங்க பாத்துக்கங்க, மரத்த நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, அன்றே மரம் தேட ஆரம்பித்துவிட்டீர்கள்.

பம்புக்கான தேக்கை ஒதுக்கிவிட்டு மலைவேம்புப் பலகை எடுத்தீர்கள். லேசான மரம். இரண்டு முகத்திலும் மெல்லிய பிளைவுட் ஒட்டினீர்கள். அடிபடும் ஓரங்களில் மூங்கில் பட்டை. மாஸ்டர் விதிப்புத்தகத்தைப் பார்த்து அளவுகளை எழுதிக் கொடுத்திருந்தார். கடைசியில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்து, பச்சை நாடா சுற்றிக் கொடுத்தபோது கடைக் கண்ணாடி அலமாரியில் வைக்கலாம் போல இருந்தது. பானு வாங்கிப் பிடித்தாள். "பழசுக்கு இது எவ்வளவோ மேல்" என்றாள். கூடவே, "இன்னும் கொஞ்சூண்டு கனமாத்தான் இருக்குது. பரவால்லீங்க அத்தா" என்றாள். அந்தப் 'பரவால்லீங்க' உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் மறுநாளே மேட்ச்.

ஆட்டம் சூலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில். பஸ்ஸில் மட்டையை நீங்களே மடியில் வைத்துக்கொண்டீர்கள். கண்டக்டர் அதை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னங்க பாய், துடுப்புங்களா? சிங்காநல்லூர் கொளத்துக்கிட்ட எறங்கிக்கறீங்களா?"

"படகும் நீங்களே குடுத்தீங்கன்னா எறங்கிக்கறமுங்க" என்றீர்கள். பஸ் முழுக்கச் சிரித்தது.

அங்கே போனதும் சிரிப்பு நின்றது. நடுவர் கையில் ஒரு பலகைத் துண்டு வைத்திருந்தார். அதில் விதி சொல்லும் அகலத்துக்கு ஒரு வெட்டு. மட்டைகளை ஒவ்வொன்றாக அந்த வெட்டுக்குள் நுழைத்துப் பார்த்தார். எல்லாம் நுழைந்தன. நம் மட்டை மட்டும் வாயிலேயே நின்றுவிட்டது. திருப்பிப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார். "அகலம் கூட இருக்குதுங்க. இத வெச்சு ஆட முடியாது" என்று சொல்லிவிட்டு அடுத்த மட்டைக்குப் போய்விட்டார்.

"அளந்துதான் செஞ்சனுங்க!" என்று கத்தினீர்கள். பிறகு வாய் அப்படியே திறந்தபடி நின்றது. கை மெதுவாக நெற்றிக்குப் போனது. "வாத்தியாரே... அந்த ஸ்கேலு..."

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. உங்கள் கை தன் பழக்கத்துக்குப் பட்டறை ஸ்கேலை எடுத்திருக்கிறது. ஒவ்வோர் அங்குலத்திலும் மயிரிழை கூடியிருக்கிறது. அது போதாதென்று, கடைசல் வேலைக்கு விடுவது போல ஓரத்துக்கு ஓரம் கொஞ்சம் விட்டிருக்கிறீர்கள்!

மாஸ்டருக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்றே தெரியவில்லை. "ஏனுங்க பாய், மட்டைய உருக்கி ஊத்தவா போறோம்? மரமுங்க இது! எங்கீங்க சுருங்கப் போகுது?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பழைய மட்டையோட பானுவ நிறுத்த முடியாதுங்க. செல்வியவே கட்டச் சொல்றேன்" என்றார். அந்தப் பக்கம் செல்வி கால்காப்பைக் கட்ட ஆரம்பித்தாள். அவளுக்கே அதில் இஷ்டமில்லை. பானு அழவில்லை. சக்கர ஷூவைக் கழற்றாமல் திண்டில் உட்கார்ந்து, பச்சை நாடாவைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த உங்கள் முகத்தை நான் பார்த்தேன், பாய். ஒருமுறை பம்பு ஆர்டர் முழுசும் திரும்பி வந்தபோதுகூட அந்த முகம் அப்படி ஆகவில்லை.

"ஒரு இழைப்புளி கெடைச்சாப் போதுமுங்க" என்றீர்கள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் விசைத்தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடினேன். தறிப்பட்டறைக்காரர் பெரிய மீசைக்காரர். இரைச்சலில் நான் கத்திக் கேட்டதைக் காதில் வாங்கிக்கொண்டு, "தறிக்கட்டை சீவற இழைப்புளி இருக்குதுங்க. ஆனா என்ற இழைப்புளிய ஆருக்கும் கை மாத்தறதில்லீங்க" என்றார். என் முகம் தொங்கியிருக்க வேண்டும். "அட, நானே கூட வாரேன்னு சொல்றேன். நடங்க" என்றார்.

நீங்கள் சிமென்ட் தரை ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தீர்கள். மீசைக்காரர் மட்டையின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் இழைத்தீர்கள். மூங்கில் பட்டை சுருள் சுருளாக வந்தது. பந்து படும் அடியலகோடு நிற்காமல், அதற்கு மேலே உள்ள அகலமான பகுதியையும் இழைத்தீர்கள். வார்னிஷ் போனது, பளபளப்பு போனது. பானு சக்கரத்தில் வழுக்கியபடி வந்து உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அத்தா, போதுமுங்க. இன்னும் சீவினா பென்சிலாயிரும்."

"பென்சில வெச்சுத் தடுப்பியா கண்ணு?"

"உங்க ஸ்கேல்ல அளந்த பென்சிலுன்னா தடுப்பேன்."

மீசைக்காரர் சிரித்த சிரிப்பில் மட்டை கையை விட்டு நழுவியது. நடுவர் வந்து பலகை வெட்டை அலகில் நுழைத்தார். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அது வழுக்கிக்கொண்டு போனது. அவர் சரியென்று தலையை ஆட்டினார். செல்வி அதற்குள் கால்காப்பைப் பாதி அவிழ்த்துவிட்டாள்.

பானு மட்டையைத் தூக்கினாள். இடது, வலது, இடது. அப்போது அவள் முகம் மலர்ந்ததை நான் இன்றும் உதாரணமாகச் சொல்வதுண்டு. நான் சொன்ன வாளிக் கணக்குதான். கையைவிட்டுத் தூரத்தில் இருந்த கனம், அங்கே தரையில் சுருள் சுருளாகக் கிடந்தது. தப்பாகக் கூட வைத்ததைச் சீவியபோது, அவள் 'பரவால்லீங்க' என்று பொறுத்துக்கொண்ட அந்தக் கொஞ்சூண்டு கனமும் சேர்ந்து போயிருந்தது.

ஆட்டத்தில் எதிரணி விடாமல் இடப்பக்கமே அடித்தது. யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். முதல் பந்து தரையோடு தரையாக வந்தது. டொக்! அலகில் பட்டு வெளியே போனது. நீங்கள் துள்ளி எழுந்து, பட்டறைக்கு வந்த வார்ப்பைத் தட்டிப் பார்த்துச் சொல்லுகிற அதே குரலில், "ஓகே! பாஸ்!" என்று கத்தினீர்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு டொக்குக்கும் மீசைக்காரரும் சேர்ந்து "பாஸ்!" என்றார். ஆட்டம் சமனில் முடிந்தது. மாஸ்டர் பானுவின் தலையில் கை வைத்து, "அடுத்த மேட்ச்சுக்கும் இவதான்" என்றார். அவர் நகர்ந்ததும் நீங்கள் துண்டால் முகத்தைத் துடைத்தீர்கள். வேர்வை என்று நானும் வைத்துக்கொண்டேன்.

பள்ளியை விட்டுப் போகும்போது பானு அந்த மட்டையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அது என் வீட்டில் கதவுக்குப் பின்னால் நிற்கிறது. என் மனைவி அதை வைத்துப் பரணிலிருந்து டின்களை நகர்த்துவாள், கொடியில் துணியைத் தள்ளிவிடுவாள். நீங்கள் பார்த்திருந்தால், "பரணுக்கு இன்னும் கொஞ்சம் நீளம் வெச்சிருக்கலாமுங்க அம்மணி" என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

உங்கள் ஸ்கேல் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. வகுப்புக்கு என்று ஒருநாள் வாங்கினேன். நீங்கள் திருப்பிக் கேட்கவே இல்லை. பள்ளியில் கடைசி வருடங்களில், பிள்ளை ஒருவன் தப்பு செய்து என் முன் நிற்கும்போது, கோபத்தில் ஒரு தண்டனை வாய்வரை வரும். அப்போது உங்கள் குரல் கேட்கும். சூட்டில் எடுத்த அளவு ஆறினால் நிற்காது. வாயை மூடிக்கொள்வேன், மறுநாள் பேசுவேன். அந்தப் பிள்ளைக்கும் கொஞ்சம் கூட வைத்தே பேசுவேன். ஓய்வு பெற்று இத்தனை வருடமாகியும் வீட்டிலும் அதே பழக்கம்தான். உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டு வந்தது அதுதான், பாய். ஸ்கேல் ஒரு சாக்கு.

நேற்று உங்கள் பேத்தி கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துப் பழைய மட்டையைக் கண்டுபிடித்துவிட்டாள். ஒரு கையில் அது, மறு கையில் தன்னுடையது. கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்தாள். பானுவும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"தாத்தா, இது என்னோடதவிடக் கொஞ்சம்தான் கனம்" என்றாள்.

"அந்தக் கொஞ்சம், உங்க தாத்தா எப்பவும் கூட வெக்கறது, கண்ணு" என்றேன்.