ஒரு விரல் காட்டின மாப்பிள்ளை

வியா மக்வேதா, பலெர்மோ
ஓகஸ்ட் 1997

என்ரை அன்புத் தம்பி இராயப்புவுக்கு,

நீயும் மகள் மொனிகாவும் மெல்பேணிலை சுகமாய் இருக்க மாதாவை மன்றாடுறன். இஞ்சை வெயில் ஆளைத் தின்னுது. அத்தானுக்கு இஞ்சை தங்கியிருக்கிற அனுமதி, பெர்மெஸ்ஸோ, புதுப்பிச்சுக் கிடைச்சிட்டுது, அந்தக் கவலை விட்டுது.

நீ ஆளிட்டைக் குடுத்துவிட்ட வீடியோ கசெட் உன்ரை கடிதத்துக்கு முன்னமே வந்திட்டுது. அதாலை வந்த வினையைக் கேள். மேலே ‘மொனிகாவைக் கேட்ட பெடியன்’ எண்டு மட்டும் எழுதியிருந்தாய். இப்ப மாப்பிள்ளை காட்டுறதெண்டால் எல்லாரும் கசெட்தானே அனுப்பினம். நான் வேலை செய்யிற வீட்டுக்கார அம்மா, சினியோரா வீட்டிலை போட்டுப் பார்த்தம். வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாய் ஒருத்தன் கம்பங்களுக்கு நடுவிலை நிமிர்ந்து நிக்கிறான். டொக்டர் எண்டு நினைச்சிட்டன். அடிபடுகிற விளையாட்டுக்காரருக்கு மருந்து கட்ட நிக்கிறானாக்கும் எண்டு அத்தானும் சொன்னார். கோயிலிலை எல்லாருக்கும் மருமகளுக்கு டொக்டர் மாப்பிள்ளை எண்டு புளுகி, இந்த ஊரைக் காக்கிற புனிதை சாந்தா ரோசலியாவுக்கு மெழுகுதிரியும் கொளுத்தினன்.

பிறகுதான் உன்ரை கடிதம் வந்தது. பக்கம் பக்கமாய்க் கோபம். பேர் றோபேட், தபாற்கந்தோரிலை வேலை, சனிக்கிழமையிலை உங்கடை அவுஸ்திரேலியா உதைபந்திலை கோல் கம்பத்தடியிலை நிக்கிற நடுவர். உங்கடை கழகம் கடைசியாய் அடிச்ச பந்துக்கு ஆறு புள்ளி குடுக்காமல், கம்பத்திலை பட்டது எண்டு ஒரு விரலைக் காட்டி ஒரு புள்ளியோடை விட்டிட்டான், நீங்கள் தோத்திட்டியள். நீ வேலிக்கரையிலை நிண்டு அவன்ரை தாயையும் சேர்த்துத் திட்ட, பக்கத்திலை மொனிகா அழுதுகொண்டு நிண்டாளாம். இப்ப கலியாணத்துக்குக் கோயில் படி மிதிக்க மாட்டன் எண்டு நிக்கிறாய். கண் இருக்கிறவை பார்த்து நியாயம் சொல்லட்டும் எண்டுதான் கசெட் அனுப்பினாயாம்.

சரி, பார்த்தன். நிப்பாட்டி, பின்னுக்கு ஓட்டி, திரும்பத் திரும்பப் பார்த்தன். சினியோராவும் வந்து இருந்தா. இஞ்சையும் ஞாயிற்றுக்கிழமை நடுவரைத் திட்டாட்டி ஆம்பிளையளுக்குச் சாப்பாடு செமிக்காது எண்டு சிரிச்சா. தம்பி, பந்து கம்பத்திலை உரசித்தான் போகுது. உரசின இடத்திலை லேசாய்த் திரும்புது. அத்தானும் ஓம் எண்டார்.

இன்னொண்டும் பார்த்தன். மாமனாராய் வரப்போற மனுசன் வேலியிலை நிண்டு கத்துறார், முழுச் சனமும் கத்துது. ஆறு குடுத்திருந்தால் அண்டைக்கே நீ அவனைத் தோளிலை தூக்கியிருப்பாய். அது அவனுக்குத் தெரியாதே? தெரிஞ்சுகொண்டும் அந்த விரலை இறக்கேல்லை. எனக்குக் கண் கலங்கிப் போச்சுது. இப்பிடிப்பட்டவனிட்டைப் பிள்ளையைக் குடுக்கப் பயப்பிடுறியே, விசரா.

போன ஞாயிறு பூசை முடிய எல்லாருக்கும் மாப்பிள்ளை டொக்டர் இல்லை எண்டு சொல்லிப்போட்டன். சிலபேர் வாயைப் பொத்திச் சிரிச்சினம். சிரிக்கட்டும். கொளுத்தின மெழுகுதிரி றோபேட்டுக்கே இருக்கட்டும்.

ராசா, தாயில்லாத பிள்ளை அவள். கோயில் வாசலிலை நீ கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போகாட்டி ஆர் போறது? வாற சனிக்கிழமை அவன் நிக்கிற கம்பத்துக்குப் பின்னாலை போய் நில். பிழை விட்டால் வாய் நிறையத் திட்டு, நான் மறிக்கேல்லை. ஆட்டம் முடிய வீட்டை கூட்டிக்கொண்டு வந்து சோறு போடு. மாதா உங்கள் மூண்டுபேரையும் ஒரே மேசையிலை இருத்தி ஆசீர்வதிக்கட்டும்.

உனக்காக மன்றாடுற அக்கா,
புனிதமலர்